சன்ஷேடு வரை வந்த கேமரா

2016 ஏப்ரல் 14-ம் தேதியும் 16-ம் தேதியும் ஜப்பானின் குமமோட்டோ பகுதியை இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் உலுக்கின. அங்கே கிகுயோ என்ற ஊரில் சோனியின் சென்சார் ஆலை இருக்கிறது. டிஜிட்டல் கேமராக்களுக்கும் கண்காணிப்புக் கேமராக்களுக்கும் சென்சார் செய்வதில் சோனிக்கு அதுதான் தலைமை ஆலை. வாரக்கணக்கில் உற்பத்தி நின்றது. உலகம் முழுக்கக் கேமரா செய்கிறவர்கள் கையைப் பிசைந்தார்கள். நம் தெருவில், கேட்டைப் பார்த்தபடி சன்ஷேடுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை உருளைக்கும் அந்த நிலநடுக்கத்துக்கும் உறவு உண்டு என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

புல்லட் கேமரா என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்த உருளையைத் திறந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. முன்னால் ஒரு கண்ணாடித் தட்டு. அதற்குப் பின்னால் லென்ஸ், சுற்றிலும் ஐஆர் எனும் அகச்சிவப்பு எல்இடிகள். லென்ஸுக்குப் பின்னால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சென்சார். அதையும் தாண்டினால் படத்தைப் பதப்படுத்திச் சுருக்கி அனுப்பும் சில்லு. அவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் பிறந்து, வேறொரு ஊரில் ஒன்றுசேர்ந்து, நம்மிடம் வருகிறது. அப்படி வந்த பிறகு அது உருப்படியாக ஏதாவது பார்க்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் பிறந்த ஊர் தீர்மானிப்பதில்லை. வாங்குகிறவரும் மாட்டுகிறவரும் ஐந்து நிமிடத்தில் எடுக்கும் இரண்டு மூன்று முடிவுகள்தான் தீர்மானிக்கின்றன.

சென்சாரின் அளவை 1/2.8 அங்குலம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அளந்து பார்த்தால் மூலைக்கு மூலை ஆறரை மில்லிமீட்டர்தான் வரும். இது குழாய்க் கேமரா காலத்துக் கணக்கு. அப்போது கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தைச் சொல்வார்கள், படம் விழும் பரப்பு அதைவிடச் சின்னது. குழாய் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, கணக்கு மட்டும் போகவில்லை.

அந்தக் குழாய்க் காலத்தில்தான் இந்தக் குடும்பத்தின் முன்னோர் இருக்கிறார்கள். 1942-ல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் வி-2 ராக்கெட் ஏவுவதைத் தூர நின்று பார்க்க வால்டர் புரூஹ் என்ற பொறியாளர் அமைத்த தொலைக்காட்சி ஏற்பாடுதான் முதல் சிசிடிவி என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்குத் திருடனைப் பிடிக்கும் வேலை இல்லை; ராக்கெட் வெடித்தால் ஆள் சாகக் கூடாது, அவ்வளவே. வீட்டு வாசலுக்குக் கேமரா வந்த கதை வேறு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு செவிலியர். வேலை நேரம் கண்டபடி இருக்கும், தனியாக வீட்டில் இருக்க வேண்டிய பொழுதுகள் அதிகம், கூப்பிட்டால் போலீஸ் வருவதற்குள் விடிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து அவர் ஓர் ஏற்பாட்டை வரைந்தார். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், துளைக்குத் துளை மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, வெளியே நிற்பவரோடு பேச ஒலிபெருக்கி, இருந்த இடத்திலிருந்தே தாழ்ப்பாளைத் திறக்க ஒரு பொத்தான். 1966-ல் விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2-ல் காப்புரிமை பெற்றார். இன்று ‘ஸ்மார்ட் டோர் பெல்’ என்று விற்பதில் பாதி அந்த வரைபடத்திலேயே இருக்கிறது. நான்கு துளை எதற்கு என்றால், குழந்தையும் வரலாம், நெட்டை ஆளும் வரலாம். கேமராவை எந்த உயரத்தில் வைப்பது என்று அந்தம்மா யோசித்த அளவுக்கு இன்று மாட்டுகிறவர்கள் யோசிப்பதில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டிவிட்டு, பிறகு தொப்பிகளையும் உச்சந்தலைகளையும் பதிவு செய்துகொண்டிருப்பார்கள்.

அதே 1969-ல்தான் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற ஒளிச்சில்லின் அடிப்படையைக் கண்டுபிடித்தார்கள். 2009-ல் நோபல் பரிசு வந்தது. குழாயை அது வீட்டுக்கு அனுப்பியது. சிசிடியை 1990-களில் எரிக் ஃபாஸம் குழுவினர் நாசாவின் ஜேபிஎல் கூடத்தில் உருவாக்கிய சிமாஸ் சென்சார் வீட்டுக்கு அனுப்பியது. விண்கலங்களுக்காகச் செய்த சங்கதி, இப்போது மளிகைக் கடைக் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்று எல்லாக் கேமராவிலும் சோனி சென்சார் இருப்பதில்லை. ஷாங்காயைச் சேர்ந்த ஸ்மார்ட்சென்ஸ் போன்றவர்கள் இந்தச் சந்தையில் பெரும்பங்கைப் பிடித்துவிட்டார்கள். யார் செய்தாலும் ஒரு கணக்கு மாறாது. 1/2.8 அங்குலச் சென்சாரில் 20 லட்சம் புள்ளிகள் வைத்தால் ஒரு புள்ளி ஏறத்தாழ 2.9 மைக்ரான் அகலம் இருக்கும். அதே இடத்தில் 50 லட்சம் வைத்தால் 2 மைக்ரானுக்கு வந்துவிடும். பரப்பளவில் பாதிகூட இல்லை. புள்ளி சிறுத்தால் அதில் விழும் வெளிச்சமும் குறையும். பகலில் இது தெரியாது. இரவு பதினொரு மணிக்கு, தெருவிளக்கு எரியாத நாளில், 5 எம்பி (மெகாபிக்சல், அதாவது 50 லட்சம் புள்ளி) கேமராவின் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் பறப்பது இதனால்தான். எம்பி கூடக் கூடப் படம் தெளிவு என்று நினைப்பவர்களுக்குக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கு எம்பிக்குத் தகுந்த விலை.

சென்சாருக்குப் பின்னால் இருக்கும் சில்லுக்கு ஒரு அரசியல் வரலாறே உண்டு. ஹுவாவேயின் கிளை நிறுவனமான ஹைசிலிகான் செய்த சில்லுகள்தான் பல ஆண்டுகள் உலகின் கணிசமான நெட்வொர்க் கேமராக்களை ஓட்டின. 2019-லும் 2020-லும் அமெரிக்கா விதித்த தடைகளால் அந்த வரத்து அறுந்தது. தைவானின் நோவாடெக், சீனாவின் வேறு சில நிறுவனங்கள், அமெரிக்காவின் அம்பரெல்லா என்று ஆளுக்கொரு பக்கம் இடத்தைப் பிடித்தார்கள். கடையில் ஒரே மாடல் எண்ணில் முன்பு வாங்கிய கேமராவும் இப்போது வாங்கும் கேமராவும் உள்ளே வேறு வேறாக இருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

இந்தத் துண்டுகள் ஒன்றுசேரும் ஊர் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் சீனாவின் ஹாங்சோ. உலகின் இரண்டு பெரிய கேமரா நிறுவனங்களான ஹைக்விஷனும் தாஹுவாவும் அந்த ஒரே ஊர்க்காரர்கள். இரண்டும் 2001-ல் நிறுவப்பட்டவை. 2019-ம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் அமெரிக்கா தன் அரசு அலுவலகங்கள் இவற்றை வாங்கக்கூடாது என்றது. 2022 நவம்பரில் புதிய மாடல்களுக்கு அனுமதியே இல்லை என்றது. இந்தியா நாட்டின் பெயரைச் சொல்லித் தடுக்கவில்லை, தேர்வு வைத்தது. 2024 ஏப்ரலில் வந்த அரசிதழ் அறிவிப்பின்படி, 2025 ஏப்ரல் 9 முதல் இங்கே விற்க வரும் கேமரா எஸ்டிகியூசி போன்ற ஆய்வகத்தில் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும். சில்லு எங்கிருந்து வந்தது, உள்ளே ஓடும் மென்பொருளில் என்ன இருக்கிறது, பலகையில் பின்வாசலாகப் பயன்படக்கூடிய இணைப்புகள் திறந்து கிடக்கின்றனவா என்பதெல்லாம் கேள்வி. கேமரா வாங்குகிறவர் பெட்டியில் எம்பியைத் தேடுவதற்கு முன் இந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லையென்றால் அது பழைய சரக்கு, அல்லது வேறு வழியில் வந்த சரக்கு.

நாம் பின்தொடரும் உருளை பெரும்பாலும் கப்பலில் வந்திருக்கும். இப்போது லாரியிலும் வரலாம். ஆந்திராவின் கடப்பாவில் சிபி பிளஸ் ஆலை இருக்கிறது. அங்கிருந்து சென்னை ஒரு ராத்திரிப் பயணம். எப்படி வந்தாலும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அட்டைப்பெட்டிகளாக இறங்கும். மாவட்டத்துக் கடைக்காரர்கள் பலருக்கும் சரக்கு அங்கிருந்துதான்.

கல்லாவில் நடக்கும் பேச்சு எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

“தம்பி, 2 எம்பி போதுமா, 5 எம்பி போடலாமா?”

“5 எம்பியே போட்டுக்குங்க சார். சூம் பண்ணிப் பார்த்தா ஆளு மூஞ்சி பளிச்சுனு தெரியும்.”

“சரி, நாலு கேமரா, ஒரு டிவிஆர். கேபிள் எவ்வளவு ஆகும்?”

பேரம் கேபிளுக்குப் போய்விடும். கேட்கவேண்டிய கேள்வி நடுவில் விழுந்துவிட்டது. அனுபவமுள்ள டெக்னீஷியன் பக்கத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்: “கேட்டு எவ்வளவு தூரம்ணே? அங்க வர்ற ஆளு மூஞ்சி தெரியணுமா, ஆளு நடமாட்டம் தெரிஞ்சா போதுமா?”

இந்த இரண்டும் வேறு வேறு வேலை. சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது, ஐஇசி 62676. ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்பதை வைத்து அதன் 2014-ம் ஆண்டுப் பதிப்பு பிரித்தது. யாரோ இருக்கிறார் என்று அறிய மீட்டருக்கு 25 புள்ளிகள் போதும். தெரிந்த ஆள்தான் என்று உறுதிசெய்ய 125 வேண்டும். முன்பின் தெரியாதவரை அடையாளம் காண 250. இப்போது நம் உருளைக்குத் திரும்பலாம். கடையில் கேட்காமலே எடுத்துக்கொடுக்கும் லென்ஸ் 2.8 மி.மீ. அல்லது 3.6 மி.மீ. 2.8 மி.மீ. ஏறத்தாழ 100 டிகிரி விரிவில் பார்க்கும். பத்து மீட்டர் தள்ளி உள்ள கேட் அருகில் அந்தக் காட்சியின் அகலம் 24 மீட்டர். 2 எம்பி கேமராவின் 1,920 புள்ளிகளும் இந்த 24 மீட்டருக்குப் பங்கு போகும். மீட்டருக்கு 80. மனித முகம் 16 செ.மீ. அகலம் என்று வைத்தால் முகத்துக்குக் கிடைப்பது 13 புள்ளிகள். 13 புள்ளிகளில் மீசை இருக்கிறதா என்றுகூடச் சொல்லமுடியாது. சரி, கூடுதல் காசு கொடுத்து 5 எம்பி போட்டாயிற்று. அகலவாக்கில் 2,592 புள்ளிகள். முகத்துக்கு 17. அதே 2 எம்பி கேமராவை 6 மி.மீ. லென்ஸோடு வாங்கியிருந்தால் காட்சி 9 மீட்டராகச் சுருங்கி, முகத்துக்கு 34 புள்ளிகள் கிடைத்திருக்கும். விலை வித்தியாசம் அனேகமாக இல்லை.

தெரு முழுக்கத் தெரியவேண்டும் என்ற ஆசைதான் இங்கே வில்லன். மானிட்டரில் அகலமாகத் தெரியும்போது வீட்டுக்காரருக்கு ஒரு திருப்தி. இடது கோடியில் பெட்டிக்கடை, வலது கோடியில் எதிர்வீட்டு வேப்பமரம், நடுவில் நம் கேட். எல்லாம் இருக்கிறது, யாரும் அடையாளம் தெரிவதில்லை. அகலமாகப் பார்க்க ஒரு கேமராவும், ஆள் கடந்தே ஆகவேண்டிய குறுகலான இடத்தை, அதாவது கேட்டையோ படிக்கட்டையோ நெருக்கிப் பார்க்க இன்னொன்றும் வைப்பதுதான் என் கட்சி. நாலு கேமரா வாங்கி நாலையும் 2.8-லேயே மாட்டுவதைவிட, இரண்டை ஒழுங்காக மாட்டுவது மேல்.

கேபிளைப் பற்றி நீட்டப்போவதில்லை. ஆனாலும் ஒரு கோளாறைச் சொல்லியாக வேண்டும். டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியோடு இணையும் வகைக் கேமராவுக்கு ‘த்ரீ பிளஸ் ஒன்’ என்ற கேபிள் போகும். படம் வர ஒரு கம்பி, மின்சாரத்துக்கும் ஒலிக்குமாக மூன்று மெல்லிய கம்பிகள். மலிவான சுருளில் அந்தக் கம்பிகள் செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். பகலெல்லாம் கேமரா நன்றாக ஓடும். பொழுது சாய்ந்து ஐஆர் எல்இடிகள் எரியத் தொடங்கியதும் கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும், நீண்ட கம்பியில் 12 வோல்ட் இறங்கிவிடும், கேமரா அணைந்து மறுபடி எழும். எல்இடி எரியும், மறுபடி அணையும். வீட்டுக்காரர் காலையில் மொபைலில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். “கேமரா நல்லாத்தான் ஓடுது” என்பார். இரவில் அது ஒருநாளும் ஓடியதில்லை. நெட்வொர்க் கேமரா என்றால் கேட்6 கம்பி ஒன்றிலேயே மின்சாரமும் படமும் போகும். நூறு மீட்டருக்குள் இந்தத் தொல்லை குறைவு, செலவு கொஞ்சம் கூடும்.

மாட்டிய முதல் நாள், அந்தி மங்கும் நேரத்தில் கேமராவுக்கு அடியில் நின்றால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சென்சாருக்கு முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடி வடிகட்டி நகர்கிற சத்தம். பகலில் அகச்சிவப்புக் கதிரைத் தடுத்து நிறத்தைச் சரியாகக் காட்டுவது அதன் வேலை. இரவில் விலகி வழிவிடும், படம் கறுப்பு வெள்ளையாகும். லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடிகள் மங்கலாகச் சிவந்து தெரிந்தால் அவை 850 நானோமீட்டர் ரகம். 940 ரகம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. இந்த வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வரும், பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு நேர் முன்னால் வலை பின்னும். அந்த ஒற்றை இழை ஐஆர் வெளிச்சத்தில் கயிறுபோல் வெள்ளையாக மின்னி, காற்றில் ஆடி, பாதிப் படத்தை மறைக்கும். நடமாட்டம் என்று நினைத்து மொபைலுக்கு இரவு முழுக்க எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும் கேமராக்களில் பல சிலந்தியைத்தான் காட்டிக்கொடுக்கின்றன. மாதம் ஒருமுறை நீளத் துடைப்பத்தால் தட்டிவிடுவதைவிட நல்ல மென்பொருள் இதற்கு இல்லை.

இரவில் இன்னொரு சங்கடம். வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு படத்தையும் வினாடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்திருக்கும். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் பைக் அதற்குள் 40 செ.மீ. நகர்ந்துவிடும். பைக்கின் நம்பர் பிளேட் 20 செ.மீ. அகலம். எழுத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கோடுதான் மிஞ்சும். சினிமாவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ‘இன்னும் பெரிசு பண்ணு’ என்பார்கள், நம்பர் தெளிந்து வரும். பதிவாகாத எழுத்தை எந்தக் கம்ப்யூட்டரும் பெரிசு பண்ணாது. நம்பர் பிளேட் வேண்டுமென்றால் அதற்கென்று ஷட்டரை வேகமாக வைத்து, தனி வெளிச்சத்தோடு, ஒரு கேமராவை அந்த வேலைக்கு மட்டும் ஒதுக்கவேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் கேமரா பார்த்தது நினைவில் இருக்கவேண்டுமே. நினைவு கேமராவில் இல்லை. வரவேற்பறை அலமாரியிலோ கல்லாவுக்கு அடியிலோ இருக்கும் டிவிஆர் பெட்டிக்குள், ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் விஎச்எஸ் டேப் ஓடியது. ஒரே டேப்பைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து தேய்த்ததால் கறுப்புக் கோடுகளும் மங்கல் உருவங்களும்தான் மிஞ்சின. 1993 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பூட்டில் வணிக வளாகத்திலிருந்து இரண்டு வயதுக் குழந்தையை இரு சிறுவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போன காட்சி அப்படிப்பட்ட மங்கல் படம்தான். அந்தக் குழந்தை கொல்லப்பட்டது. கேமராவால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த நாடு தெருவுக்குத் தெரு கேமரா கேட்டது.

இப்போதைய கணக்கு எளிது. எச்.265 முறையில் சுருக்கினால் 2 எம்பி கேமரா ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 2 மெகாபிட் எழுதும். நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினொன்றரை நாளில் நிறைந்து, பழையதை அழித்து மேலே எழுதத் தொடங்கும். பழைய எச்.264 என்றால் ஆறு நாள்கூட வராது. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு அன்றைக்குத்தான் தெரியவரும். மாதம் முழுக்க வேண்டுமென்றால் 3 டிபியாவது வேண்டும். அதுவும் கம்ப்யூட்டருக்கு விற்கும் சாதா டிஸ்க் கூடாது. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போல இரவு பகலாக எழுதுவதற்கென்றே வரும் ரகமாக இருக்கவேண்டும்.

டிஸ்கில் இடம் இருந்தும் நினைவு இல்லாமல் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் மறக்கமுடியாத ஒரு சாட்சி உண்டு. 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடித்துத் துன்புறுத்தப்பட்டு, பிறகு இருவரும் இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் சிசிடிவி பதிவைக் கேட்டார். டிஸ்க் 1 டிபி. இடம் தாராளமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளின் பதிவும் தானாக அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். அந்த இரவின் காட்சி இல்லை என்று அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அறிக்கை அனுப்பினார். கேமரா இருந்தது, மின்சாரம் இருந்தது, டிஸ்க் இருந்தது. மெனுவில் ஒரு தெரிவு. அதே ஆண்டு டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் தெரியக்கூடிய, ஒலியும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவு 18 மாதம் இருக்கவேண்டும், அதற்கு வசதி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், காவல் நிலையங்களில் கேமரா ஓடவில்லையே என்று தானாக முன்வந்து வழக்கை எடுக்கவேண்டியிருந்தது. காவல் நிலையத்துக்கு வெளியே, சென்னையில் 2017-க்குப் பிறகு காவல் துறை ‘மூன்றாம் கண்’ என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னது. 2020-ல் சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு உலகிலேயே சென்னைதான் முதலிடம் என்றது. எண்ணுவது சுலபம். அதில் எத்தனை நேற்றிரவைப் பதிவு செய்தன என்பதுதான் கேள்வி.

பதிவு இருந்தாலும் அது நீதிமன்றத்துக்குப் போகும் வழி தனி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63-ம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் அதில் எழுதவேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மானிட்டரை மொபைலால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அக்கம்பக்கத்துக்குச் சரி, வழக்குக்குப் போதாது. பெட்டியிலிருந்தே பென்டிரைவில் பேக்கப் எடுத்து வைக்கவேண்டும். டிவிஆரின் கடிகாரத்தையும் பார்க்கவேண்டும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, மின்வெட்டுக்குப் பின் 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ல் போய் நிற்கும் பெட்டிகள் எத்தனையோ. திருட்டு நடந்தது ஆடி மாதம், படத்தில் மார்கழி மாதம் என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம்.

இணையத்தில் சேர்ந்த நாளிலிருந்து கேமராவுக்கு இன்னொரு வாழ்க்கையும் தொடங்கிவிடுகிறது. 1996-ல் சுவீடனின் லுண்டு நகரத்து ஆக்சிஸ் நிறுவனம் முதல் நெட்வொர்க் கேமராவை விற்றபோது அது வினாடிக்கு ஒரு சின்னப் படம் அனுப்பவே திணறியது. இருபது ஆண்டு கழித்து, 2016-ல், மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் உள்ள கேமராக்களுக்கும் டிவிஆர்களுக்கும் உள்ளே புகுந்தது. பூட்டை உடைக்கவில்லை. ஆலையிலிருந்து வந்தபடியே மாற்றாமல் விட்ட 60 சொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாக முயன்றது, அவ்வளவுதான். அந்தப் படையைக் கொண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற இணையச் சேவை நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் முடங்கின. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக் கேமராவின் காட்சிகள் டெலிகிராமில் விற்பனைக்கு வந்தது தெரிந்தபோதும் பேச்சு எளிதான கடவுச்சொல்லில்தான் போய் நின்றது. மாட்டிவிட்டுப் போகும் டெக்னீஷியன் எல்லா வீட்டுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பது வழக்கம்; மறுபடி கூப்பிட்டால் அவருக்கு வசதி. அவர் படியிறங்கியதும் மாற்றிவிடுவது வீட்டுக்காரரின் வேலை. படுக்கையறையிலும் குளியலறை நடையிலும் கேமரா எதற்கு என்பதையும் அப்போதே யோசித்துக்கொள்ளலாம். கூட்டு வீட்டில் உடன் வசிப்பவர் சம்மதிக்காமல் உள்ளே கேமரா ஓட்டுவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

வெயில், தூசி, கடலோர ஊர் என்றால் உப்புக் காற்று. முன் கண்ணாடி மங்கும், ரப்பர் வளையம் வெடிக்கும், ஒரு மழைக்குப் பிறகு உள்ளே நீர்த்துளி நிற்கும். எல்இடிகள் ஒவ்வொன்றாகக் கெடும். பெரும்பாலும் கேமரா சாவதற்கு முன்பே வீட்டுக்காரர் புதுமாடலுக்குப் போய்விடுவார். பழைய உருளை சன்ஷேடிலேயே இருக்கும். கழற்றுவதில்லை, திருடன் பயப்படட்டும் என்று விட்டுவிடுவார்கள். டிவிஆர் மட்டும் டிஸ்கோடு பழைய சாமான் கடைக்குப் போகும், அங்கிருந்து ரிச்சி தெருவின் பழைய சரக்கு வியாபாரிக்கு, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. மெனுவில் ‘ஃபார்மேட்’ கொடுத்தால் காட்சிகள் போய்விடும் என்று நம்ப முடியாது. பட்டியல்தான் அழியும், சாதாரண மீட்பு மென்பொருளுக்கே பல மணி நேரக் காட்சி கிடைக்கும். யார் எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டிச் சாவியை எந்தப் பூந்தொட்டியில் வைக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கலாம். விற்பதற்கு முன் நான்கு திருகாணியைக் கழற்றி டிஸ்கை எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். மொபைல் செயலியில் அந்தப் பெட்டியைத் தன் கணக்கிலிருந்து நீக்கவும் வேண்டும். நீக்காமல் கொடுத்தால் வாங்கினவர் தன் மொபைலில் சேர்க்க முடியாமல் கடைக்காரரோடு சண்டை போடுவார். பழைய கணக்கோடே தன் வீட்டில் இணைத்து ஓட்டிவிட்டாலோ, விற்றவரின் மொபைலில் வாங்கினவர் வீட்டு வாசல் தெரியும்.